ஆட்சேபணை ஒன்று தேவை

ரேடியோக்காரரின் கோப்பில் பதினொரு கையெழுத்து விழுந்திருந்தது. தண்ணீர், சாக்கடை, மின்சாரம், தீயணைப்பு, மண் பரிசோதனை, மரங்களுக்குப் பொறுப்பான ஓர் அதிகாரி என்று ஒருவர் பாக்கியில்லை. அவர் கட்ட நினைத்தது அரண்மனை ஒன்றுமில்லை. வீட்டுக்குப் பின்னால் பத்துக்குப் பன்னிரண்டு அடியில் ஓர் அறை, அதை ஒட்டி ஒரு குளியலறை. அதற்கே எட்டு மாதம் நாய் படாத பாடு பட்டாகிவிட்டது. மரமே இல்லாத கொல்லைக்கு மரத்து அதிகாரி எதற்கு என்று ஒருநாள் கேட்டுப் பார்த்தார். மரம் இல்லை என்று எழுதிக் கொடுக்கத்தான் என்று பதில் வந்தது. நியாயம்தான் என்று தலையாட்டிவிட்டு மூன்று வாரம் காத்திருந்தார்.

பதினொன்றும் வாங்கிக்கொண்டு, கல்யாணத்துக்குப் போகிற மாதிரி தலை சீவிக்கொண்டு கட்டட அனுமதிப் பிரிவுக்குப் போன அன்றுதான் கோப்பு குண்டூசியின் மேசையில் படுத்துக்கொண்டது. குண்டூசி அந்தப் பிரிவின் எழுத்தர். எந்நேரமும் உதட்டோரத்தில் ஒரு குண்டூசியைக் கடித்துக்கொண்டிருப்பார். பேசும்போதும் அதை எடுப்பதில்லை. இருபத்தாறு வருடத்தில் ஒருமுறைகூட அது அவரைக் குத்தியதில்லை என்பது அலுவலகத்தின் தனிப் பெருமை.

"எல்லாம் பிரமாதமா இருக்குங்க. பதினாலாம் கட்டம் மட்டும் காலியா இருக்கு" என்றார் குண்டூசி.

"அதுல என்ன எழுதணும்?"

"ஆட்சேபணை. உங்க வாசல்ல முப்பது நாள் அறிவிப்புப் பலகை வெச்சோம் இல்லீங்களா? அதைப் பார்த்துட்டு யார் என்ன ஆட்சேபணை சொன்னாங்க, அதை நாங்க எப்படி நிராகரிச்சோம்னு அங்க எழுதணும்."

"யாரும் ஒண்ணும் சொல்லலையே."

"அதாங்க சிக்கல்."

"இல்லைன்னு எழுதிடுங்களேன்."

குண்டூசி அவரைப் பரிதாபமாகப் பார்த்தார். பிறகு இழுப்பறையிலிருந்து ஒரு பழைய சுற்றறிக்கையை எடுத்து மேசையில் வைத்துத் தடவி நேராக்கினார். முன்பு ஒரு காலத்தில் யாரோ ஒருவர் கட்டடம் கட்டினாராம். ஆட்சேபணை 'இல்லை' என்று எழுதி அனுமதி கொடுத்தார்களாம். கூரை போட்ட பிறகு பக்கத்து வீட்டுக்காரர் எழுந்து, என்னை யாருமே கேட்கவில்லை என்று கோர்ட்டுக்குப் போனாராம். நீதிபதி அலுவலகத்தை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டாராம். அன்றிலிருந்து, பரிசீலித்து நிராகரித்த ஓர் ஆட்சேபணையாவது இல்லாத கோப்பு முழுமையற்ற கோப்பு. யாருமே எதிர்க்காத கட்டடத்தில்தான் ஏதோ கோளாறு இருக்கிறது என்பது மேலிடத்தின் கண்டுபிடிப்பு.

ரேடியோக்காரரின் கை தன்னையறியாமல் சட்டைப் பைக்குப் போனது. குண்டூசி நாற்காலியைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். அவர் நேர்மையானவர். எட்டு மாதத்தில் ரேடியோக்காரருக்கு நேர்ந்த கஷ்டங்களிலேயே பெரிய கஷ்டம் அதுதான்.

"அதெல்லாம் வேணாங்க. ஒரே ஒரு ஆட்சேபணை கொண்டு வாங்க. முப்பது மீட்டருக்குள்ள குடியிருக்கணும், பதினெட்டு வயசு ஆகியிருக்கணும், விண்ணப்பதாரரா இருக்கக் கூடாது. அவ்வளவுதான். அன்னிக்கே நிராகரிச்சு, அன்னிக்கே அனுமதி." நம்பிக்கை வரட்டும் என்று ஒரு ரப்பர் முத்திரையையும் எடுத்துக் காட்டினார். 'பரிசீலித்து நிராகரிக்கப்பட்டது' என்று தலைகீழாக அதில் இருந்தது. தேய்ந்து வழுவழுப்பாகியிருந்தது. "பதினஞ்சு நாளுக்குள்ள வாங்க. அதுக்கப்புறம் உங்க முதல் கையெழுத்து காலாவதி ஆயிடும். தண்ணீர் ஆபீஸ்லேர்ந்து மறுபடி ஆரம்பிக்கணும்."

அறை அவருக்காக இல்லை. மனைவிக்காக. அதை அவர் பதினொரு அலுவலகத்திலும் சொல்லியிருந்தார். அவளுக்கு முழங்கால் இரண்டும் தேய்ந்துவிட்டன. குடியிருப்பு மாடியில். கீழே இறங்கப் பதினேழு படி. இந்த எட்டு மாதத்தில் அவள் இறங்கியது இரண்டே முறை, இரண்டும் ஆஸ்பத்திரிக்கு. ஒவ்வொரு படியிலும் உட்கார்ந்து, கையை ஊன்றி, அடுத்த படிக்கு நகர்ந்து, குழந்தைகள் விளையாட்டாக இறங்குவதை அவள் வலியோடு இறங்கினாள். அவள் மூச்சு வாங்குவதைக் கேட்க ரேடியோக்காரரால் முடியவில்லை. கீழே தன் ரேடியோ பழுதுபார்க்கும் கடைக்குள் போய், நன்றாக இருந்த ஓர் ஒயரை வெட்டி மறுபடி பற்றவைத்துக்கொண்டிருந்தார். முதல் முறை இறங்கிய அன்று சாயங்காலமே வரைபடக்காரரைக் கூப்பிட்டார்.

வரைபடக்காரர் வந்து வீட்டை அளந்தார். கீழே முன்பக்கம் கடை, அதன் பின்னால் ஒரு நடை, நடையில் குழாயும் கழிப்பறையும், அப்புறம் கொல்லை. கடையை அளக்கும்போதுதான் தகராறு. ஒரு சுவரிலிருந்து எதிர்ச் சுவருக்கு நாடாவைக் கொண்டுபோக வழியில்லை. எள் விழ இடமில்லாமல் ரேடியோக்கள். தரையிலிருந்து கூரை வரை, ஜன்னலை மறைத்துக்கொண்டு, கதவுக்குப் பின்னால், நாற்காலிக்கு அடியில். பழுது பார்க்கக் கொடுத்துவிட்டுத் திரும்பி வராதவர்களின் ரேடியோக்கள்.

"இதெல்லாம் எப்ப எடுத்துட்டுப் போவாங்க?" என்றார் வரைபடக்காரர்.

"வருவாங்க" என்றார் ரேடியோக்காரர். முப்பது வருடமாக இதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறார். மாதத்துக்கு ஒருவர் கடை வாசலில் நிற்பது உண்டு. பெரும்பாலும் வழி கேட்க. வரைபடக்காரர் குத்துமதிப்பாக ஓர் அளவைப் போட்டு, 'கடை' என்று எழுதிவிட்டுக் கொல்லைக்குப் போய்விட்டார்.

குண்டூசி சொன்னதைக் கேட்டுவிட்டு வந்த ரேடியோக்காரர் முதலில் இடப்பக்கத்து இஸ்திரிக்கடைக்காரரிடம் போனார். தூசி வரும், வெள்ளைத் துணி கெட்டுப்போகும் என்று ஒரு வரி எழுதிக் கொடுத்தால் போதும் என்று விளக்கினார். இஸ்திரிக்கடைக்காரர் பெட்டியை நிமிர்த்தி வைத்தார்.

"அக்காவுக்குக் கட்டுற ரூமுக்கு நான் குறுக்க நிக்கிறதா? என்னைப் பத்தி என்ன நினைச்சீங்க?"

"சும்மா பேருக்குத்தாம்பா. அவங்க நிராகரிச்சுடுவாங்க."

"அப்போ நான் எழுதிக் கொடுத்தாக்கூட மதிக்க மாட்டாங்க, அப்படித்தானே?" என்று அவருக்கு இரண்டாவதாக ஒரு கோபமும் வந்தது.

வலப்பக்கத்துக் கணக்கு டீச்சர் எழுத ஒப்புக்கொண்டார். பேனாவோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்தார். பிறகு, மனசாட்சிக்கு விரோதமாகத் தன்னால் எழுத முடியவில்லை என்று சொல்லி, ஜன்னலை எந்தப் பக்கம் வைத்தால் காற்று வரும் என்று படம் போட்டுக் கொடுத்தார். படம் அழகாக இருந்தது. பதினாலாம் கட்டத்துக்கு அது உதவாது.

கடைசி நம்பிக்கை எதிர்வீட்டுக்காரர். அவரும் ரேடியோக்காரரும் பத்தொன்பது வருடமாகப் பேசுவதில்லை. மழைத் தண்ணீர்க் குழாய் யார் வாசலில் கொட்டுகிறது என்பதில் ஆரம்பித்த பகை. இப்படி ஒரு நாளுக்காகத்தான் கடவுள் எதிரியைக் கொடுத்திருக்கிறார் என்ற பூரிப்போடு ரேடியோக்காரர் தெருவைக் கடந்து கதவைத் தட்டினார். விஷயத்தைச் சொன்னதும் எதிர்வீட்டுக்காரருக்குக் கண் கலங்கிவிட்டது.

"உங்க மேல எனக்கு ஆயிரம் இருக்கு. அந்தம்மா மேல என்ன இருக்கு? தினம் மாடி ஜன்னல்ல அவங்க முகத்தைப் பார்த்துட்டுத்தான் வேலைக்குப் போறேன். வாங்க, உள்ள வாங்க, டீ குடிங்க."

ரேடியோக்காரர் டீ குடித்தார். பத்தொன்பது வருடம் கட்டிக்காத்த பகை ஒரு தம்ளர் டீயில் கரைந்து போனது. இருந்த ஒரே எதிரியையும் தொலைத்துவிட்டு வீட்டுக்கு வந்தார்.

மாடிக்குப் போய் மனைவியிடம் புலம்பித் தீர்த்தார். பதினஞ்சு நாளில் பதினொரு நாள் போய்விட்டது. ஊரில் ஒருத்தனுக்காவது ஆட்சேபிக்கத் துப்பில்லை. நல்லவர்கள் நடுவில் ஒரு மனுஷன் எப்படி வீடு கட்டுவது?

அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள். "நான் எழுதித் தரட்டுமா?" என்றாள்.

"நீயா?"

"முப்பது மீட்டருக்குள்ள இருக்கேன். பதினெட்டு வயசு ஆயிடுச்சு. விண்ணப்பம் உங்க பேர்லதானே இருக்கு?"

ரேடியோக்காரருக்கு அவளைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. கல்யாணத்துக்கு முன்னால் அவள் ஒரு வக்கீலிடம் டைப்பிஸ்ட்டாக இருந்தவள். மனு எழுதுவது அவளுக்குக் கைவந்த கலை. இது ஏன் தனக்கு முதலிலேயே தோன்றவில்லை என்று தலையில் அடித்துக்கொண்டு, தாளும் உறையும் வாங்கிவந்து கொடுத்தார்.

"தூசி வரும், இருமல் வரும், சுத்தியல் சத்தம் தாங்காதுன்னு எழுது. ரொம்பப் பலமா எழுதிடாதே. லேசா நிராகரிக்கிற மாதிரி இருக்கணும்."

"சரிங்க."

அவள் சாயங்காலம் வரை எழுதினாள். ரேடியோக்காரர் எட்டிப் பார்ப்பதற்குள் உறையை ஒட்டிவிட்டாள். ஆட்சேபணை உறையை அதிகாரிதான் பிரிக்க வேண்டும் என்று பலகையில் போட்டிருக்கிறதே என்றாள். அதுவும் சரிதான். மாடி ஜன்னலிலிருந்து அந்தப் பலகையை முப்பது நாளும் படித்தவள் அவள் ஒருத்திதான்.

மறுநாள் அதிகாரி அம்மாவின் அறையில் விசாரணை. குண்டூசி முத்திரையை மையில் ஒற்றித் தயாராக வைத்திருந்தார். அதிகாரி அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு உறையைப் பிரித்தார். இரண்டு பக்கம். இவ்வளவு எதற்கு என்று ரேடியோக்காரருக்குச் சின்ன உறுத்தல். அதிகாரி அம்மா சத்தமாகவே படித்தார்.

"ஐயா, மேற்படி வீட்டின் மாடியில் வசிக்கும் நான், மேற்படி கட்டுமானத்தைக் கீழ்க்கண்ட காரணத்தால் ஆட்சேபிக்கிறேன். கட்டப்போகும் அறை கொல்லையில் உள்ளது. அதன் ஜன்னல் எந்தப் பக்கம் வைத்தாலும் சுவரைத்தான் பார்க்கும். இப்போது நான் மாடியில் இருந்தாலும் தெருவையாவது பார்க்கிறேன். படி இறங்க முடியாத குற்றத்துக்காக அதையும் இழக்க எனக்குச் சம்மதமில்லை.

"மேலும், மேற்படி வீட்டில் தரைத்தளத்தில் ஏற்கெனவே ஓர் அறை இருக்கிறது. வரைபடத்தில் அது கடை என்று குறிக்கப்பட்டுள்ளது. அதற்குத் தெருவைப் பார்த்த ஜன்னல் உண்டு. பக்கத்திலேயே குழாயும் கழிப்பறையும் உண்டு. அதில் இருநூற்றுப் பதினாறு ரேடியோக்கள் வசிக்கின்றன. ஆஸ்பத்திரிக்குப் போக இறங்கியபோது கடைசிப் படியில் மூச்சு வாங்க உட்கார்ந்து நானே எண்ணினேன். அவற்றின் சொந்தக்காரர்களில் பாதிப் பேர் காலமாகிவிட்டார்கள். அந்தச் சாவுச் செய்திகளை மனுதாரருக்குச் சொன்னதும் நான்தான். எனக்கு வேண்டியதெல்லாம் அந்த அறையில் இருக்கிறது. நான் மட்டும்தான் இல்லை.

"மனுதாரர் என் மேல் அன்புள்ளவர். அதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. எனக்காக ஓர் அறை கட்டப் பதினொரு பேரிடம் அனுமதி கேட்டிருக்கிறார். என்னிடம் கேட்கவில்லை. இந்த அலுவலகம்தான் முதலில் கேட்டிருக்கிறது. அதற்கு என் நன்றி."

ரேடியோக்காரருக்குக் காது சூடாகிவிட்டது. மரத்து அதிகாரி முதல் மண்காரர் வரை எல்லாரிடமும் 'என் சம்சாரத்துக்காகங்க' என்று தழுதழுத்தது ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்து பிடுங்கித் தின்றது. குண்டூசி மட்டும், "நிராகரிச்சுடலாங்களா மேடம்?" என்று முத்திரையைத் தூக்கினார்.

"எதை நிராகரிக்கிறது? ஆட்சேபணை நியாயமா இருக்கே. ஏத்துக்கிறேன்" என்றார் அதிகாரி அம்மா.

குண்டூசிக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. ஏற்கப்பட்டது என்று முத்திரையே அந்த அலுவலகத்தில் கிடையாது. இத்தனை வருடத்தில் தேவைப்பட்டதில்லை. கடைசியில் அதிகாரி அம்மா கையாலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டார். பதினாலாம் கட்டம் ஒருவழியாக நிரம்பிவிட்டது.

ரேடியோக்காரர் மூக்குக்கு மேல் கோபத்தோடு வீட்டுக்கு வந்தார். ஊர் முன்னால் மானத்தை வாங்கிவிட்டாளே என்று பதினேழு படியும் தடதடவென்று ஏறினார். பன்னிரண்டாவது படியில் அவருக்கே மூச்சு வாங்கியது. மிச்சம் ஐந்தை மெதுவாக ஏறினார்.

"படிச்சாங்களா?" என்றாள் அவள்.

"படிச்சாங்க. சத்தம் போட்டுப் படிச்சாங்க." கட்டிலில் உட்கார்ந்தார். "என்கிட்ட நேரா சொல்லியிருக்கக் கூடாதா?"

"சொன்னேனே. மூணு தடவை சொன்னேன். முதல் தடவை, ரேடியோ சத்தத்துல கேட்கலைன்னீங்க. ரெண்டாவது தடவை, வரைபடம் போட்டாச்சு, இப்பப் போய்ச் சொல்றியேன்னீங்க. மூணாவது தடவை, 'உனக்காகத்தானே அலையறேன்'னு சொல்லிட்டு அலையப் போயிட்டீங்க."

"அது கடைம்மா. முப்பது வருஷத் தொழில்."

"தெரியும். அதனாலதான் நாலாவது தடவை சொல்லல."

அவர் கீழே போய்க் கடையைத் திறந்தார். உட்காரலாம் என்று பார்த்தார், இடம் இல்லை. நின்றபடியே கையெட்டிய ஒரு ரேடியோவை எடுத்தார். பின்னால் ஒட்டியிருந்த சீட்டில் பெயரும் தேதியும் மங்கியிருந்தன. தபால்காரருடையது. அவர் போய்ச் சேர்ந்து பதினாலு வருடம் ஆகிறது. அந்தச் செய்தியை மாடியிலிருந்து இறங்கிவந்து சொன்னது அவள்தான். அப்போது அவள் ஓடியே இறங்குவாள். அந்த ரேடியோவை மார்போடு அணைத்துக்கொண்டு அவர் அழுதார். யாருக்காக என்று கேட்டால் தபால்காரருக்காக என்று சாதித்திருப்பார்.

மறுநாள் இஸ்திரிக்கடைக்காரர் வந்தார், டீச்சர் வந்தார், புதிதாகச் சிநேகிதராகிவிட்ட எதிர்வீட்டுக்காரரும் வந்தார். ஆட்சேபணை எழுத ஆள் கிடைக்காத தெருவில் ரேடியோ தூக்க ஆளுக்குப் பஞ்சமில்லை. எல்லாவற்றையும் கொல்லையில், அஸ்திவாரத்துக்குக் கயிறு கட்டியிருந்த இடத்தில் அடுக்கித் தார்ப்பாய் போட்டு மூடினார்கள். பத்துக்குப் பன்னிரண்டு கச்சிதமாகப் போதுமானதாக இருந்தது. கட்டடம் இல்லையே தவிர, பதினொரு கையெழுத்தும் வீண்போகவில்லை.

ஜன்னலைத் திறந்ததும் அறைக்குள் வெயில் விழுந்தது. கட்டில் போட்டார்கள். அவள் ஒவ்வொரு படியாக உட்கார்ந்து இறங்கினாள். ரேடியோக்காரர் இந்தமுறை கடைக்குள் ஓடி ஒளியவில்லை. ஒரு படி முன்னால் நின்று, அவள் கையைத் தோளில் வாங்கிக்கொண்டு, கூடவே இறங்கினார். இருபத்தைந்து நிமிடம் ஆனது.

நாலாம் நாள், கட்டட விண்ணப்பத்தை நிராகரித்த உத்தரவை நேரில் கொடுக்க வந்த குண்டூசி வாசலிலேயே நின்றுவிட்டார். ஜன்னலோரக் கட்டிலில் அவள் உட்கார்ந்து, தெருவில் போகிற யாரிடமோ பேசிக்கொண்டிருந்தாள்.

"இது வரைபடத்துல கடையாச்சேங்க" என்றார் குண்டூசி வருத்தத்தோடு. "கடையில ஒருத்தர் குடியிருக்கணும்னா உபயோக மாற்ற அனுமதி வாங்கணும். பார்த்துட்டேன். பார்க்காத மாதிரி என்னால இருக்க முடியாதுங்க."

"அதுலயும் பதினாலாம் கட்டம் உண்டா?" என்றார் ரேடியோக்காரர்.

"சேச்சே. அதுல அது ஒன்பதாம் கட்டம். சின்ன படிவம்தான். இதெல்லாம் என் மட்டத்திலேயே முடிச்சுடலாம்." பையிலிருந்து படிவத்தை எடுத்தார். "யார் குடியிருக்கப் போறாங்களோ அவங்கதான் விண்ணப்பம் போடணும். ஆட்சேபணை மட்டும் வேற ஆள்."

அவள் படிவத்தை வாங்கி, மடியில் அட்டையை வைத்து, மளமளவென்று நிரப்பினாள். ஒன்பதாம் கட்டத்துக்கு வந்ததும் பேனாவை நிறுத்தி ரேடியோக்காரரைப் பார்த்தாள். "உங்களுக்கு ஏதாவது ஆட்சேபணை உண்டா?"

"உண்டு" என்றார் அவர். "ஒரு தாள் கொடு."

நடையில் நின்று, குழாய்த் திண்டின் மேல் தாளை வைத்து எழுதினார். நாலு வரிதான், ஆனால் வெகுநேரம் ஆனது. குண்டூசி அதை வாங்கிப் படித்தார். மறுபடியும் படித்தார். முதன்முறையாக வாயிலிருந்து குண்டூசியை எடுத்துச் சட்டைக் காலரில் குத்திக்கொண்டார். என்ன செய்வதென்று தெரியாமல் தாளை அவளிடம் நீட்டினார்.

'இந்த அறையை மனுதாரருக்கு இன்று கொடுப்பதை நான் ஆட்சேபிக்கிறேன். எட்டு மாதம் முன்பே கொடுத்திருக்க வேண்டும். ஜன்னலை மறைத்துக்கொண்டிருந்தது நான்தான். அதற்காக என்னை மன்னிக்க முடியாது என்பதே என் ஆட்சேபணை.'

அவள் படித்து முடித்துத் தெருவைப் பார்த்தாள். பிறகு தாளைக் குண்டூசியிடம் திருப்பிக் கொடுத்தாள்.

"நிராகரிச்சுடுங்க" என்றாள்.

குண்டூசி பைக்குள் கையை விட்டு முத்திரையைத் தேடினார்.